டாக்டரிடம் கேளுங்கள்: ஆயாவின் பேரனும் கணையமும்

கேள்வி: பேரன் இந்த வருஷம் மெட்ரிக், அதாவது பள்ளி இறுதிப் பரீட்சை எழுதுகிறான். ஈரல், கணையம் ஆபரேஷன் செய்யும் சர்ஜன்தான் ஆவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். எத்தனை வருஷம் ஆகும்? கை நடுங்காமல் இருந்தால் போதுமா?
- ஓர் ஆயா, சாட்ஸ்வர்த்

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், ஆயா. நம் தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மருத்துவப் படிப்பு 6 வருஷம். இன்டர்ன் 2, கட்டாயச் சமூகப் பணி 1. அப்புறம் ரெஜிஸ்ட்ரார் இடம், அதாவது சிறப்பு மருத்துவராகப் பயிற்சி பெறும் இடம், கிடைக்கும்வரை காத்திருப்பு. எனக்கு அதிலேயே 2 வருஷம் போனது. பொது அறுவை சிகிச்சைக்கு 4, 5 வருஷம், அதற்கு மேல் ஈரல்-கணையத்துக்கு 2. நான் முடித்து வெளியே வந்தபோது வயது 36. அம்மா எனக்கென்று முதலில் பார்த்த பெண்ணின் மகன் அதற்குள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான்.

கை நடுக்கம் பழகப் பழக அடங்கிவிடும். கணையம் அடங்காது. விப்பிள் ஆபரேஷன் என்று ஒன்று, அமெரிக்க சர்ஜன் ஆலன் விப்பிள் 1935-இல் எழுதி வெளியிட்டது. கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மிச்சக் கணையத்தைக் குடலோடு தைக்க வேண்டும். நோயில் இறுகிப்போன கணையத்தில் தையல் நிற்கும். நல்ல மிருதுவான கணையம்தான் வம்பு. முடிச்சை இறுக்கினால் நூல் வெண்ணெயை அறுப்பதுபோல் அறுத்துக்கொண்டு வரும். உள்ளே இருக்கும் நாளமோ 2, 3 மில்லிமீட்டர்தான். ஆறேழு மணி நேரம் நின்று தைத்துவிட்டு வந்தாலும் அன்றிரவு தூக்கம் வராது. மூன்றாம் நாள் வடிகுழாய் நீரை லேபுக்கு அனுப்புவோம். அதில் அமைலேஸ் என்ற கணைய நொதி, ரத்தத்தில் இருக்கலாம் என்கிற உச்ச அளவைப்போல் 3 மடங்கைத் தாண்டினால் கசிவு என்று சந்தேகப்படுவோம். கறியைச் செரிக்கிற நீர் அந்தக் கணைய நீர். பக்கத்து ரத்தக்குழாயையும் அரித்துவிடும். ஆரம்ப காலத்தில் என் நோயாளி ஒருவருக்குப் பையில் வடிந்தது தேநீர் நிறத்துக்கு மாறியது. நாற்பது நாள் வார்டில் கிடந்தார். தினமும் காலையில் அவர் முகத்துக்கு முன்னால் அந்தப் பையைத்தான் பார்ப்பேன்.

இன்னொன்று. கணையப் புற்றுநோயோடு வருபவர்களில், தாராளமாகச் சொன்னாலும், ஐந்தில் ஒருவருக்குத்தான் கத்தி வைக்க முடியும். மற்றவர்கள் வந்து சேரும்போதே அது பெரிய ரத்தக்குழாயைச் சுற்றியிருக்கும், இல்லையென்றால் ஈரலுக்குப் போயிருக்கும். எதிரே உட்கார்ந்து "ஆபரேஷன் முடியாது" என்று சொல்வதும் இதே சர்ஜனின் வேலைதான். அதற்குத் தனிப் பரீட்சை கிடையாது.

பேரனை டிசம்பர் லீவில் அனுப்பிவையுங்கள். ஆபரேஷன் தியேட்டருக்கு இல்லை, வார்டு ரவுண்டுக்கு. காலை 6.30.

கேள்வி: ஈரலை வெட்டினால் மறுபடி வளருமாமே?
- வாசகர், டோங்காட்

பதில்: வளரும், ஆனால் பல்லி வால் மாதிரி இல்லை. வெட்டிய துண்டு திரும்ப முளைக்காது. மிச்சம் பருத்து வேலையை ஏற்றுக்கொள்ளும். 2017-இல் ஜோஹன்னஸ்பர்க்கின் விட்ஸ் டொனால்ட் கோர்டன் மருத்துவ மையத்தில் எச்.ஐ.வி. உள்ள ஒரு தாய், எச்.ஐ.வி. இல்லாத தன் குழந்தைக்கு ஈரலில் ஒரு துண்டைக் கொடுத்தது இந்தத் தைரியத்தில்தான். நல்ல ஈரல் என்றால் மூன்றில் இரண்டு பங்குவரைகூட எடுக்கலாம். குடித்துச் சுருங்கிய ஈரலில் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. நீங்கள் கறி சுடும் பிராய் அடுப்புப் பக்கம் கையில் கிளாஸோடு நின்றுகொண்டு கேட்கவில்லை என்று நம்புகிறேன்.