குரூப் 4 முடித்தாயிற்று, அடுத்து?

அன்புள்ள ஐயா,

குரூப் 4 மூலம் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது. கலந்தாய்வில் பள்ளிக் கல்வித் துறையை எடுத்தேன். அடுத்த மாதம் சேர வேண்டும். படித்தது பி.எஸ்சி. தாவரவியல். எங்கள் வீட்டில் யாரும் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்ததில்லை. ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் போ என்கிறார் அண்ணன். எக்செல் படி என்கிறாள் தோழி. முதல் ஆறு மாதம் திட்டு வாங்கித்தான் ஆக வேண்டும் என்று வேறு பயமுறுத்துகிறார்கள். நீங்கள் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வேலையில் நல்ல பேர் எடுக்க உண்மையில் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ம., திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள ம.,

வாழ்த்துகள். இங்கிலீஷ் கிளாஸுக்கு இப்போது அவசரமில்லை. மாவட்ட அலுவலகங்களில் கடிதப் போக்குவரத்து பெரும்பாலும் தமிழில்தான். அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்கு எழுதும்போதும், உயர் நீதிமன்ற வழக்குக்குப் பத்திவாரிக் குறிப்பு (வழக்கு மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் நம் பதில்) தயாரிக்கும்போதும் ஆங்கிலம் வேண்டியிருக்கும். அதற்குப் பழைய கோப்புகளில் மாதிரி கிடைக்கும். எக்செல்லில் கூட்டவும் வரிசைப்படுத்தவும் வடிகட்டவும் தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. தட்டச்சு மட்டும் கை பழகியிருக்க வேண்டும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: பல அலுவலகங்களில் இன்னும் வானவில் எழுத்துருவில் அடிக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்தக் கடிதம் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடில் அடிக்கவும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றவும் தெரிந்து போனீர்களானால் முதல் வாரத்திலேயே உங்களைத் தேடி வருவார்கள். அது வரமா சாபமா என்பது சூப்பிரண்டைப் பொறுத்தது.

பேர் வாங்கித் தருவது கோப்பு வைக்கும் திறமைதான். உங்கள் மேசைக்கு வரும் தாளைப் படித்து, குறிப்பு எழுதி, கண்காணிப்பாளர் வழியாக அலுவலருக்கு அனுப்புகிறீர்கள் இல்லையா, அந்தக் குறிப்பைத்தான் சொல்கிறேன். பெரும்பாலானவர்கள் இப்படி எழுதுவார்கள்: "மனு பார்வையிடப்பட்டது. மேல் நடவடிக்கை எடுக்கலாம். ஆணைக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது." பணிவு நிறைய இருக்கிறது, விஷயம்தான் இல்லை. என்ன நடவடிக்கை, எந்த விதிப்படி, யார் எடுப்பது? கோப்பு மேலே போய், "பேசவும்" என்று ஒற்றைச் சொல்லோடு திரும்பி வரும்.

ஓர் உதாரணம். பணியில் இருக்கும்போது இறந்துபோன ஆசிரியரின் மகன் கருணை அடிப்படையில் வேலை கேட்டு மனுக் கொடுக்கிறான். ஊழியர் இறந்து மூன்று வருடத்துக்குள் மனு வந்திருக்க வேண்டும் என்பது விதி. அப்படியானால் குறிப்பின் முதல் வரியிலேயே இரண்டு தேதிகள் இருக்க வேண்டும்: இறந்த நாள், மனு அலுவலகத்தில் பதிவான நாள். அடுத்து, எந்தெந்தச் சான்று வந்திருக்கிறது, அது எத்தனையாம் பக்கத்தில் இருக்கிறது. பிறகு, எது வரவில்லை. வாரிசுச் சான்று இருக்கிறது, ஆனால் தங்கையின் ஆட்சேபணையின்மைக் கடிதம் இல்லை என்று வையுங்கள். அதைக் கேட்டு எழுதலாமா என்று யோசனை சொல்லி, அந்தக் கடிதத்தின் வரைவையும் நீங்களே கோப்பில் வைத்து அனுப்ப வேண்டும். அலுவலர் படித்துவிட்டு ஒரு கையெழுத்துப் போட்டால் வேலை நகர வேண்டும். இத்தனைக்கும் அரைப்பக்கம் போதும். இல்லாத தாள்களை ஒரே கடிதத்தில் கேளுங்கள். இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் ஒன்று என்று கேட்டு அந்தப் பையனைப் பேருந்தில் அலைய விடுவது நம் அலுவலகங்களின் பழைய வியாதி. விதி தெரியாததால் அல்ல, கோப்பைக் கடைசிவரை புரட்டாத சோம்பலால் வருவது அது.

இரண்டாவது, தன்பதிவேடு. உங்கள் சீட்டுக்கு, அதாவது உங்கள் பொறுப்பிலுள்ள இருக்கைக்கு, வரும் ஒவ்வொரு தாளும் அதில் ஏறும், அதன்மேல் என்ன செய்தீர்கள் என்பதும் ஏறும். டாட்டன்ஹாம் முறை என்று பழைய ஆட்கள் சொல்லுவார்கள். வெள்ளைக்கார ஐ.சி.எஸ். அதிகாரி ஒருவரின் பெயர் அது. மின் அலுவலகம் வந்த இடங்களில் பதிவேட்டின் உருவம் மாறியிருக்கும், கேள்வி மாறவில்லை: எந்தத் தாள், யாரிடம், என்றைக்கிலிருந்து? அன்றன்றைக்குப் பதிய வேண்டும். வெள்ளிக்கிழமை மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் யாரும் வெள்ளிக்கிழமை பார்த்து நான் கண்டதில்லை. தேதிக்குக் கட்டுப்பட்ட தாள்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தகவல் உரிமைச் சட்ட மனு என்றால் 30 நாள். நீதிமன்றக் கெடு அதைவிட மோசம். திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வரும் மனுக்களுக்கும் பதில் கேட்டு அழைப்பு வந்துகொண்டே இருக்கும்.

முடிந்த கோப்பை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. முடித்த கோப்பின் மேல் அதன் வகையைச் சுருக்கமாகக் குறிப்பார்கள்: எல்.டிஸ். என்றால் ஒரு வருடம், கே.டிஸ். மூன்று, டி.டிஸ். பத்து, ஆர்.டிஸ். நிரந்தரம். போகப் போகப் பழகிவிடும். அரசாணை நகல்களைத் தலைப்புவாரியாகச் சேர்த்து ஓர் இருப்புக் கோப்பு மட்டும் சேர்ந்த நாளிலிருந்தே தொடங்குங்கள். இரண்டு வருடத்தில் சீனியர்களே உங்களிடம் வந்து கேட்பார்கள்.

மனுக் கொடுக்க வருகிறவர்களிடம் "நாளைக்கு வாங்க" என்று சொல்லாதீர்கள். எந்தத் தாள் குறைகிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். அப்புறம், முன்தேதி போட்டுப் பதியச் சொல்லி யாராவது கேட்பார்கள். அன்பாகவும் கேட்பார்கள், அதிகாரமாகவும் கேட்பார்கள். முடியாது என்று சொல்லுங்கள். தணிக்கையில் மாட்டும்போது கேட்டவர் மாறுதலாகிப் போயிருப்பார், கையெழுத்து உங்களுடையதாக இருக்கும்.

பவானிசாகரில் அரசு ஊழியர்களுக்கு நடக்கும் அடிப்படைப் பயிற்சிக்குக் கூப்பிட்டால் தட்டிக்கழிக்காமல் போய்வாருங்கள். துறைத் தேர்வுகளையும் தள்ளிப் போட வேண்டாம். எந்தத் தாள் எழுத வேண்டும் என்பது துறைக்குத் துறை மாறும், பிரிவில் கேட்டால் சொல்லுவார்கள்.

திட்டு விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக வந்தவருக்கு விதி தெரியவில்லை என்று யாரும் அதிகம் திட்டுவதில்லை. "அந்தக் கோப்பு எங்கே?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாதபோதுதான் குரல் உயரும். நீங்கள் பார்த்தே இராத கோப்புக்கும் அந்தக் கேள்வி வரலாம். எனவே, சீட்டை ஒப்படைக்கிறவர் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலை நீட்டி "சும்மா ஒரு கையெழுத்து" என்றால் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் கோப்பை எடுத்துப் பாருங்கள், ஒரு நாள் முழுக்க ஆனாலும் சரி. இல்லாததன் எதிரே "கோப்பு காணப்படவில்லை" என்று எழுதிவிட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள். பட்டியலின் நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.