மூடிய கூலிங் லூப்பில் நைட்ரைட் குறைந்துகொண்டே போகிறது, ஆனால் தரையில் ஈரமே இல்லை. கசிவா, வேறு ஏதாவதா?

மாதாமாதம் மருந்து ஊற்றியும், அதிலிருக்கும் துருத் தடுப்பு உப்பான நைட்ரைட் லூப்பில் நிற்கவில்லை என்கிறீர்கள். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் ஆலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். இதே பிரச்சினையோடு ஒரு வருடம் அலைந்தவன் என்பதால் சொல்கிறேன், மருந்து கேனைக் கீழே வைத்துவிட்டு முதலில் மேக்கப் தண்ணீர், அதாவது குறைந்ததை ஈடுகட்ட உள்ளே வரும் புதுத் தண்ணீர், அதன் மீட்டரைப் போய்ப் பாருங்கள்.

மூடிய லூப் என்றால் ஒரே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றி இயந்திரங்களைக் குளிர்விக்கும் குழாய் அமைப்பு. அதில் பம்ப் சீலில் சொட்டுவது, காற்று எடுத்துவிடும்போது போவது தவிர தண்ணீர் குறையவே கூடாது. ஆனால் தானாக நிரப்பும் வால்வு இருக்கிறதே, எவ்வளவு போனாலும் அது சத்தமில்லாமல் நிரப்பிவிடும், பிரஷர் கேஜ் முள் அசையாது, நமக்கும் சந்தேகம் வராது. உள்ளே வரும் புதுத் தண்ணீரோ ஆக்சிஜனையும் சேர்த்துக்கொண்டு வந்து இரும்புக் குழாயை அரிக்கிறது.

எங்களிடம் மீட்டரே இல்லை. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வரும் மூத்த ஃபிட்டர் அண்ணா ஒருவர், வீட்டில் ஆயா (பாட்டி) பேசிக் கேட்ட தமிழ்தான் அவருக்கு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை அந்த வால்வின் மேல் வைத்துக் கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டார். "தம்பி, தண்ணி ஓடுது" என்றார். நானும் வைத்துக் கேட்டேன், மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம் விடாமல் வந்தது. மீட்டர் போட்டுப் பார்த்தால் ஒரு நாளைக்கு 120 லிட்டர். லூப்பில் இருப்பதே 8000 லிட்டர்தான், அப்படியென்றால் மாதத்துக்கு 3600 லிட்டர் மருந்துத் தண்ணீர் எங்கோ போய்க்கொண்டிருந்தது.

மீட்டர் வரும்வரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நைட்ரைட்டைத் தனியாகப் பார்க்காதீர்கள், கண்டக்டிவிட்டியோடு (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தல்) சேர்த்துப் பாருங்கள். எங்களுக்கு ஒரே மாதத்தில் நைட்ரைட் 800 பிபிஎம்மிலிருந்து 510க்கு வந்தது, கண்டக்டிவிட்டியும் 2500இலிருந்து 1700க்கு இறங்கியது. இரண்டும் சேர்ந்து இறங்கினால் தண்ணீர் வெளியே போய்ப் புதுத் தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தம். நைட்ரைட் மட்டும் இறங்கி, கண்டக்டிவிட்டி பெரிதாக அசையவில்லை என்றால் கசிவைத் தேடி அலையாதீர்கள், பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கிக்கொண்டிருக்கலாம். இங்கே டிசம்பர் நடுவில் ஆலையை மூடி ஜனவரியில் திறப்போம், அத்தனை நாள் தண்ணீர் அசையாமல் நின்றதும் எங்களுக்கு அது ஒருமுறை நடந்தது. சில வகை பாக்டீரியா நைட்ரைட்டை அம்மோனியா வரைக்கும் கொண்டுபோய்விடும், அது செம்புக் குழாயைத் தின்னும். அந்த பாக்டீரியாவைக் கொல்லக் குளோரினை ஊற்றிவிடாதீர்கள், குளோரினே நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கிவிடும். குளூட்டரால்டிஹைடு மாதிரி ஆக்சிஜனேற்றம் செய்யாத பயோசைடு (கிருமிக்கொல்லி)தான் போட வேண்டும்.

சரி, தரை காய்ந்திருக்கும்போது தண்ணீர் எங்கே போகும்? எங்களுக்கு அது, லூப் தண்ணீரும் கூலிங் டவர் தண்ணீரும் கலக்காமல் தகடுகளின் இரு பக்கமும் ஓடிச் சூட்டை மாற்றிக்கொள்ளும் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள்ளேயே கூலிங் டவர் பக்கம் போயிருக்கிறது. ஒரு தகட்டில் ஊசித் துளை, லூப் பக்கம் 3 பார், டவர் பக்கம் 1.5 பார். டவர் தொட்டியில் மாதிரி எடுத்தபோது நைட்ரைட் தெரியவே இல்லை, ஏனென்றால் அங்கிருக்கும் குளோரின் அதை உடனே மாற்றிவிடுகிறது. எக்ஸ்சேஞ்சரை விட்டு டவர் தண்ணீர் வெளியே வரும் வாயிலேயே மாதிரி எடுத்த பிறகுதான் அகப்பட்டது. உங்கள் மருந்தில் மாலிப்டேட் என்ற இன்னொரு துருத் தடுப்பு உப்பு இருந்தால் இன்னும் நல்லது, அதை பாக்டீரியாவும் குளோரினும் ஒன்றும் செய்யாது, டவர் தண்ணீரில் அது தெரிந்தால் கசிவு அங்கேதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2023இல் இங்கே லோட் ஷெட்டிங் (முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது) உச்சத்தில் இருந்தபோது, கரண்ட் போய் லூப் பம்ப் நின்றதும் பிரஷர் இறங்கிவிடும், டவர் பம்ப் மட்டும் ஜெனரேட்டரில் ஓடும். அப்போது அதே துளை வழியாக டவர் தண்ணீர் எங்கள் லூப்புக்குள் வந்திருக்கிறது. சில வாரம் ஹார்ட்னஸ் (தண்ணீரின் கடினத்தன்மை) திடீரென்று ஏறியதற்குக் காரணம் புரியாமல் நான் டெஸ்ட் கிட்டைச் சந்தேகப்பட்டு இரண்டு முறை மாற்றினேன். உங்கள் ஊரிலும் கரண்ட் அடிக்கடி போகுமென்றால், கரண்ட் போன நாளுக்கு மறுநாள் காலை ஒரு மாதிரி எடுத்து ஹார்ட்னஸ் பாருங்கள்.

அப்புறம், லூப்பில் அலுமினியம் எங்காவது இருக்கிறதா என்று எழுதுங்கள். இருந்தால் பிஎச் 8.5க்கு மேல் போக விடக்கூடாது, மருந்தையே மாற்ற வேண்டியிருக்கும்.