பதில்: கரிப்புகையில் மயங்கிய அப்பாவுக்கு அமிட்ரிப்டிலினைக் கூட்டலாமா?

தம்பி, மூணாறு லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) கதவைச் சாத்திக் கரிச்சட்டியோடு தூங்கி மயங்கிய அப்பா ஆக்சிஜனில் தேறினார், மூன்று வாரம் கழித்து மறதியும் தள்ளாட்டமும் வந்துவிட்டன என்கிறீர்கள். தலைவலிக்குப் போடும் அமிட்ரிப்டிலினை, இந்தப் புகை பட்ட எலிகளுக்கு அது உதவியது என்ற ஆய்வு ஒன்றைப் படித்துவிட்டு இரட்டிப்பாக்கலாமா என்கிறீர்கள். வேண்டவே வேண்டாம்.

கரிப்புகையில் இருக்கும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடில் பிழைத்தவர்களுக்கு 2 முதல் 40 நாளுக்குள் மூளை மறுபடி தடுமாறுவது தெரிந்த விஷயம்தான். வயசு மறதி என்று விட்டுவிடாதீர்கள். இதில் சிக்கல், அமிட்ரிப்டிலினே வயதானவர்களுக்குக் குழப்பமும் தள்ளாட்டமும் தரும். அளவு கூடினால் இதயத் துடிப்பையும் கெடுக்கும். புகை ஏற்கெனவே இதயத்தைத் தொட்டிருக்கலாம். எலிக்கு ஒத்துவந்தது அப்பாவுக்கான மருந்துச்சீட்டு ஆகாது. அதற்காக நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

அன்றைக்கு ஆக்சிஜன் அளவு பார்க்கும் விரல் கிளிப் 98 காட்டியது என்றீர்களே, அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் எது, இந்த வாயு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது; அந்த 98-ஐ நம்ப வேண்டாம்.

கோட்டயமோ தேனியோ, நாளைக்கே நரம்பியல் டாக்டரிடம் போங்கள். டிஸ்சார்ஜ் சீட்டும் மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும். புகை பட்ட தேதியை முதலில் சொல்லுங்கள். எம்ஆர்ஐ, இசிஜி தேவையா என்று கேளுங்கள். கரிச்சட்டி இனி வாசலுக்கு வெளியே.