பீரோவில் இருக்கும் தாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு நாற்பத்தைந்து வயதாகப்போகிறது. கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். ஆடி மாதத்திலிருந்து காணொளிகளைப் பார்த்து நீர்வண்ணம் பழகி வருகிறேன். 48 வண்ணங்கள் கொண்ட பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன். வானம் தீட்டினால் திட்டுத்திட்டாகக் காய்கிறது. இரண்டாவது பூச்சில் எல்லாம் சேறாகிவிடுகிறது. விலை கூடிய வண்ணங்களுக்கு மாறினால் சரியாகுமா? எந்த நிறுவனத்தின் வண்ணம் நல்லது? இந்த வயதில் கை பழகுமா? நல்ல பருத்தித் தாளும் ஒரு கட்டு வாங்கினேன். கை தேறிய பிறகு எடுக்கலாம் என்று பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டு, இப்போதைக்குப் பள்ளி டிராயிங் நோட்டில் பழகுகிறேன். சில படங்களை இணைத்துள்ளேன்.

க., நாகர்கோவில்

அன்புள்ள க.,

வயதைப் பற்றிய கேள்விக்குப் பதில் எழுதப்போவதில்லை. வங்கியில் நாள் முழுதும் கணக்கு எழுதுகிற கை தூரிகை பிடிக்காதா என்ன? நிறுவனத்தைப் பற்றியும் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இருக்கிற 48-இல் அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு, ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு ஆகிய நான்கை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். முதல் இரண்டைக் கலந்தாலே மழைமேகத்தின் சாம்பல் தொடங்கிக் கிட்டத்தட்டக் கருப்பு வரை வந்துவிடும்.

எனக்குக் கோபம் வந்தது உங்கள் பீரோவின் மேல்தான். கை தேறிய பிறகு நல்ல தாள் என்கிறீர்களே, அந்தத் தாள் இல்லாமல் கை எதில் தேறும்? நீங்கள் அனுப்பிய குளத்தங்கரைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தென்னைக்கு இடப்புறம், வானத்தை மறுபடி மறுபடி தேய்த்த இடத்தில், தாளின் மேல்தோல் உரிந்து சிறு சிறு உருண்டைகளாகத் திரண்டிருக்கிறது. அந்த உருண்டைகளில் நீலம் அப்பிக்கொண்டிருக்கிறது. நீங்கள் சேறு என்று சொல்வதில் பாதி வண்ணமே அல்ல, கரைந்த தாள். இதற்கு வண்ணத்தை மாற்றி என்ன பயன்?

டிராயிங் நோட்டின் தாள் மரக்கூழில் செய்தது, மெல்லியது. தண்ணீர் பட்டதும் அது மேடும் பள்ளமுமாக நெளிகிறது. பள்ளத்தில் தேங்கும் நீர் தன் விளிம்பில் வண்ணத்தைச் சேர்த்துவைத்துக் காய்வதால்தான் உங்கள் வானம் திட்டுத்திட்டாகிறது. 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள, பருத்தித் தாள் அவ்வளவு எளிதில் நெளியாது. அதில் பெரும்பாலும் ஜெலட்டின் போன்ற பசை ஏற்றப்பட்டிருக்கும். அதனால் நீர் உடனே உள்ளே இறங்காமல் சற்று நேரம் மேலே நிற்கும். முதலில் குளம்போலப் பளபளக்கும், பிறகு பளபளப்பு மங்கி ஈரம் மட்டும் இருக்கும், அதன் பிறகு காயும். மேகத்தின் ஓரத்தை வானத்தில் கரைய விடுவதும், தூரத்து மலையை மங்கலாக்குவதும் இந்த நிலைகளைக் கண்ணால் பார்த்துத் தூரிகையை எப்போது வைப்பது, எப்போது கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது என்று அறிவதில்தான் இருக்கின்றன. மங்கும் வேளையில் அதிக நீருள்ள தூரிகையை வைத்தால், காலிஃபிளவர் போல ஓரம் சுருண்ட கறை பூத்துவிடும். நோட்டுத் தாளிலோ நீங்கள் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அது உங்களுக்குக் கற்றுக்கொடுத்திருப்பது அவசரத்தையும் தேய்ப்பதையும்தான். இன்னும் ஓராண்டு அதிலேயே பழகினால் அந்த இரண்டிலும் நன்றாகத் தேறிவிடுவீர்கள்.

ஆங்கில ஓவியர் டர்னர் 1818-இல் யார்க்‌ஷயரின் ஃபார்ன்லி மாளிகையில், பீரங்கிக் கப்பல் ஒன்று சரக்கேற்றும் காட்சியைக் காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் இடையில் நீர்வண்ணத்தில் முடித்தார். தாள் ஊறும்வரை வண்ணத்தைக் கொட்டி, தேய்த்து, கட்டைவிரல் நகத்தால் கீறிக் கீறி அலைகளை எடுத்தார் என்று, அருகில் இருந்து பார்த்த அவ்வீட்டுப் பையன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். உங்கள் நோட்டில் அப்படிக் கீறினால் அடுத்த பக்கம் வந்துவிடும். அவருடைய கையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அந்த நகத்தைத் தாங்கிய தாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எங்கள் பள்ளியின் டிராயிங் சாரும் உங்களைப் போன்றவர்தான். எப்போதோ சென்னைக்குப் போனபோது வாங்கிய வெளிநாட்டுத் தாள்களைப் பழைய வேட்டியில் சுருட்டி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். எங்களுக்கு வரைந்து காட்டுவதெல்லாம் காலண்டரின் பின்பக்கத்தில். ஓய்வு பெற்றதும் குற்றாலத்தில் போய் உட்கார்ந்து அந்தத் தாள்களில் வரையப்போவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஓய்வு பெற்றவுடன் பார்வை மங்கிவிட்டது. அவர் காலமான பிறகு அவருடைய மகள் அந்தச் சுருளை என்னிடம் கொடுத்தார். ஒரு தாளை எடுத்து வெறும் தண்ணீர் பூசினேன். புழுதியில் முதல் தூறல் விழுந்ததுபோல் அங்கங்கே கரும்புள்ளிகள் தோன்றிப் பரவின. ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்துப் பசை கெட்டுவிட்டிருந்தது. நீர் மேலே நிற்கவே இல்லை. அத்தனை தாளும் அப்படித்தான். அருமையான கை அவருக்கு. அந்தக் கை நல்ல தாளில் என்ன செய்திருக்கும் என்று இன்று யாருக்கும் தெரியாது. இரண்டு பருவமழையும் பெய்கிற உங்கள் ஊரில் பீரோவுக்குள் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தாளின் விலையை நினைத்துத்தான் பீரோவில் வைத்திருக்கிறீர்கள் போலும். முழுத்தாள் ஒன்று 56-க்கு 76 சென்டிமீட்டர் இருக்கும். எட்டாகக் கிழித்தால் ஒவ்வொன்றும் நோட்டுப் பக்க அளவு வரும். இரு பக்கமும் தீட்டலாம், ஆகப் பதினாறு படங்கள். பெட்டிக்குக் கொடுத்த பணத்தையும் இதையும் வங்கிக்காரரான நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கட்டைப் பிரியுங்கள். முதல் தாளில் தென்னையும் வேண்டாம், குளமும் வேண்டாம். பலகையை லேசாகச் சாய்த்து, அல்ட்ராமரினை மட்டும் தாராளமாகக் கரைத்து, மேலிருந்து கீழே ஒரே சீராக இறக்குங்கள். ஒவ்வொரு கோட்டின் அடியிலும் சொட்டுச் சொட்டாக நீர் கோத்து நிற்க வேண்டும், அடுத்த கோடு அதைத் தொட்டு இழுத்துச் செல்ல வேண்டும். காயும்வரை கை வைக்காதீர்கள். பிறகு இன்னொரு துண்டில் மறுபடி அதையே செய்யுங்கள். அவற்றைப் படம் பிடித்து அனுப்புங்கள், எத்தனை இருந்தாலும் பார்க்கிறேன். நோட்டில் வரைந்ததை இனி அனுப்ப வேண்டாம்.