பக்கவாதத்துக்குப் பிறகு ஜெர்ரி லீ லூயிஸால் எப்படி மறுபடி பியானோ வாசிக்க முடிந்தது?

மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகும் குழாய் அடைத்தோ வெடித்தோ அங்குள்ள செல்கள் செத்துப்போவதுதான் பக்கவாதம். 2019-ல், 83 வயதில், அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகரும் பியானோ கலைஞருமான ஜெர்ரி லீ லூயிஸுக்கு அது வந்து வலது கை ஓய்ந்துவிட்டது. ஸ்டூலை உதைத்துத் தள்ளிவிட்டு நின்றபடியே வாசிப்பாரே, ரசிகர்கள் இன்றும் அதைத்தான் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள், அந்த மனிதருக்கு இப்படி. ஆனால் 2020-ல் நாஷ்வில்லில் நடந்த ஒரு பாடல் பதிவில் அந்தக் கை மறுபடி வாசித்தது. செத்த செல்கள் திரும்பாது, அக்கம்பக்கத்து செல்கள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும், பாலம் உடைந்தால் வண்டிகள் சந்து வழியாகவே போய்ப் போய் புதுப் பாதை விழுவது மாதிரி. பயிற்சி விட்டுப்போகக் கூடாது, அவ்வளவுதான். அப்புறம், கோளாறு கையில் என்று நினைத்துப் பலர் எண்ணெய் தேய்த்தே நேரத்தைப் போக்குகிறார்கள். கோளாறு மூளையில், முகம் கோணினாலோ பேச்சு குழறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.