குழாய் ரிப்பேர் பார்த்ததெல்லாம் வரலாறா?

கேள்வி: எங்கள் ஊர் நகராட்சியில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், இன்றும் குடிநீர், சாக்கடை என்று ஊர்வேலையாகவே அலைகிறார். அவர் வாழ்க்கையை எழுதி ஒரு மலர் வெளியிட நினைக்கிறோம். ஆனால் எங்கள் குழுவிலேயே சிலர், “அணை கட்டினாரா, பாலம் கட்டினாரா? குழாய் ரிப்பேர் பார்த்ததெல்லாம் வரலாறா?” என்று கேட்கிறார்கள். தங்கள் கருத்து என்ன?

பதில்: கட்டாயம் எழுதுங்கள். அப்படிக் கேட்கும் நண்பர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே எழுதுங்கள்.

செப்டம்பர் 15ஆம் தேதியைப் பொறியாளர் தினமாகக் கொண்டாடுகிறோம். பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவின் பிறந்த நாள் அது. அவர் பெயரைச் சொன்னாலே கிருஷ்ணராஜசாகர் அணைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் 1884இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தவர், அந்த அணைக்கு முந்தைய இருபது ஆண்டுகளுக்கும் மேலாக என்ன செய்துகொண்டிருந்தார்? ஊர் ஊராகப் போய்க் குடிநீரும் பாசனமும் கழிவுநீரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுக்கூர் என்ற ஊரைப் பாருங்கள். இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. அன்று பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த சிந்து நதிக்கரை ஊர். ஆறு பக்கத்திலேயே ஓடியும், தண்ணீர் வண்டல் கலங்கிப் பழுப்பாக வந்தது. வடிகட்டும் தொட்டிகள் கட்ட நகராட்சியிடம் பணம் இல்லை. விஸ்வேஸ்வரய்யா கரையோரமாக ஆற்றுப் படுகையிலேயே ஒரு கிணறு தோண்டினார். அதன் அடியிலிருந்து ஆற்றுக்குக் கீழே சுரங்கம் போல ஒரு வழியும் அமைத்தார். மணலுக்குள் இறங்கி ஊறி வந்த நீர் தெளிந்தே கிணற்றில் சேர்ந்தது. அதை மேலே ஏற்றி ஊருக்குக் கொடுத்தார்கள். 1895இல் வேலை முடிந்தது. காவிரியிலும் கொள்ளிடத்திலும் தாமிரபரணியிலும் நாம் இன்று காணும் நீர் சேகரிப்புக் கிணறுகள் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. கை நிறையப் பணம் இருந்தால் வடிகட்டும் தொட்டியை எவரும் கட்டிவிடலாம். பணமில்லாத நகராட்சிக்குத் தெளிந்த நீர் கொடுக்கத்தான் பொறியாளரின் மூளை வேண்டும். இந்தியாவின் மிகப் பெரிய பொறியாளர் அந்த மூளையைச் சிறிய ஊர்களில்தான் தீட்டிக்கொண்டார்.

இனி உங்கள் ஊர்ப் பெரியவருக்கு வருவோம். நம் ஊர்களில் பெரும்பாலும் குழாயில் நாள் முழுவதும் தண்ணீர் ஓடுவதில்லை. வால்வை அடைத்ததும் குழாய்க்குள் அழுத்தம் விழுந்துவிடும். சில இடங்களில் வெளியிலிருப்பதை உள்ளே இழுக்கவும் செய்யும். இணைப்பில் ஒரு சிறு கசிவு இருந்து, பக்கத்தில் சாக்கடையும் தேங்கி நின்றால் போதும். தண்ணீர் வெளியேறிய அதே ஓட்டை வழியாகக் கழிவுநீர் உள்ளே புகுந்துவிடும். மறுபடி வால்வைத் திறக்கும்போது முதலில் வருவது அதுதான். தெருவில் நான்கு வீட்டில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. மருத்துவர் நோய்க்கு மருந்து கொடுப்பார். ஆனால் எந்தச் சந்தில் வீட்டு இணைப்புக் குழாய் சாக்கடைக்குள் முங்கிப் போகிறது என்பது அந்தப் பொறியாளருக்கும் அவருடன் நடந்த ஃபிட்டருக்கும்தான் தெரியும். குளோரின் கலந்த நீரில், கடைக்கோடி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. மேல்நிலைத் தொட்டிக்கு அடியிலேயே சோதித்துப் பதிவேட்டை நிரப்பிவிட்டும் போகலாம். கடைக்கோடி வீடு வரை நடந்தும் போகலாம். இவர் எங்கே நின்று சோதித்தார் என்று கேளுங்கள். மலரின் முதல் கட்டுரைக்கு அந்த ஒரு பதில் போதும்.

கழிவுநீரும் அப்படித்தான். குழாயில் அது வினாடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் மண்ணும் கசடும் அடியில் தங்காது. அந்த வேகம் சரிவைப் பொறுத்தது. மட்டம் பார்ப்பதில் சோம்பல்பட்டால் குழாய் அடைக்கும். அடைத்தால் ஒரு மனிதனைக் குழிக்குள் இறக்குவார்கள். அதைத் தடுக்க 2013இல் சட்டமே வந்தும் இந்தக் கொடுமை ஓயவில்லை. இப்படிக் குழிக்குள் இறங்கிச் சாகிறவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. சரிவைச் சரியாக வைத்து, அடைப்பு விழாமலே பார்த்துக்கொண்ட பொறியாளருக்கு எந்தக் கல்வெட்டிலும் பெயர் இருக்காது. நண்பர்கள் அணையைத் தேடுவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அணை கண்ணுக்குத் தெரியும். வராமல் போன காலரா தெரியாது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். “எளிமையின் சிகரம்”, “பண்பின் இமயம்” என்று மலரை நிரப்பாதீர்கள். பிரமுகர்களுடன் அவர் நிற்கும் படங்களும் வேண்டாம். அவர் எதற்கு மறுத்தார் என்பதை எழுதுங்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச் சாலை போட ஒப்பந்ததாரர் வந்திருப்பார். அப்படிப் போட்டுப் போட்டுத்தான் நம் தெருக்களில் வீடுகள் பள்ளத்தில் கிடக்கின்றன. அப்போது இவர் என்ன செய்தார்? முடிந்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடாமல் எத்தனை நாள் தாக்குப் பிடித்தார்? அதற்காக எங்கே மாற்றல் கிடைத்தது? எங்கே விட்டுக்கொடுக்க நேர்ந்தது என்பதையும் கூசாமல் கேளுங்கள். நேர்மையானவர் என்றால் சொல்வார்.

ஓய்வுக்குப் பிறகும் அவர் அலைகிறார் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் வருத்தமும் உண்டு. குடிநீரும் சுகாதாரமும் நகராட்சிகளின் பொறுப்பில் சேர வேண்டியவை என்று அரசியல் சட்டத்தின் 12ஆம் அட்டவணையிலேயே எழுதி வைத்திருக்கிறோம். 74ஆவது திருத்தம் 1993 முதல் நடைமுறையில் இருக்கிறது. அப்படியும் ஓர் ஊரின் குழாய்கள் ஒரு முதியவரின் ஞாபகத்தை நம்பிக் கிடக்கின்றன என்றால், அது அவருக்குப் பெருமை, ஊருக்கு வெட்கம். எந்தத் தெருவில், எந்த ஆழத்தில், எந்த வருடத்துக் குழாய் போகிறது, எந்த வால்வு மண்மூடிப் போயிருக்கிறது என்பதற்கு முழுமையான வரைபடம் உங்கள் நகராட்சியில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் மலர் வேலையை அங்கிருந்து தொடங்குங்கள். பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேரை அவருடன் தெருத் தெருவாக அனுப்புங்கள். அவர் சொல்லச் சொல்லக் குறிக்கட்டும். வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள்; வயதானவர்.

அந்த வரைபடத்தை மலரின் நடுப்பக்கத்தில் போடுங்கள். தனியாகப் பெரிதாக ஒரு பிரதி எடுத்து, இப்போது அந்த நாற்காலியில் இருக்கும் பொறியாளரிடம் விழா மேடையிலேயே எல்லோர் முன்னிலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். பொன்னாடை கொண்டுவருகிறவர்களிடம், அந்தப் பணத்தைப் பிரதி எடுக்கும் செலவுக்குக் கேளுங்கள்.