படி அரிசியில் குத்திய போன்

ஐயா, வணக்கம்.

போன வாரம் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். வளவில் நின்று போனில் படம் எடுத்தால், ஒன்று முற்றம் வெள்ளையாக வெந்துபோகிறது, இல்லாவிட்டால் முற்றத்தைச் சுற்றியுள்ள பத்தி (தூண் வைத்த தாழ்வாரம்) முழுக்கக் கரியாகிவிடுகிறது. எச்.டி.ஆர் போட்டால் கல்யாண ஆல்பம் மாதிரி எல்லாம் மினுக்குகிறது. வேறு போன் வாங்கலாமா? இரவுப் படங்களுக்கு ஸ்டாண்ட் வேண்டுமா?

க., மதுரை

அன்புள்ள க.,

வேறு போன் வாங்காதீர்கள். அந்தக் கேள்வி அதோடு முடிந்தது.

‘கரியாகிவிடுகிறது’ என்று குறைப்பட்டிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம். ஆகட்டுமே! அந்த வீட்டைக் கட்டியவர்கள் வெயிலுக்குப் பயந்து கட்டினார்கள். நடுவில் மட்டும் ஆகாயத்தைத் திறந்துவிட்டு, சுற்றிலும் நிழலைச் சேர்த்துவைத்தார்கள். சித்திரை மதியத்தில் முகப்பைத் தாண்டி உள்ளே போனால் முதலில் முற்றத்து வெயில் மட்டும்தான் தெரியும். கொஞ்சம் பொறுத்தால், அந்த வெளிச்சம் பட்டு மினுங்கும் ஆத்தங்குடிக் கல். அப்புறம் பர்மாத் தேக்குத் தூண். அதற்கும் அப்புறம்தான் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஆள். உங்கள் எச்.டி.ஆர் என்ன செய்கிறது? சடசடவென்று பல படங்களை எடுத்து, வெயிலுக்கு ஒன்றிலிருந்தும் இருட்டுக்கு ஒன்றிலிருந்தும் பிடுங்கி ஒட்டி, ஆளையும் தூணையும் ஒரே மூச்சில் காட்டிவிடுகிறது. பொறுக்கத் தெரியாத விருந்தாளி!

அதை அணைத்துவிடுங்கள். திரையில் வெயில் விழும் தரையைத் தொட்டு அழுத்திப் பிடியுங்கள், வெளிச்ச அளவு பூட்டிக்கொள்ளும். சூரியக் குறி வந்தால் கீழே இழுங்கள். மூலை கறுக்கட்டும். கறுப்பிலிருந்து பிற்பாடு கொஞ்சம் கிளறி எடுக்கலாம், புள்ளி புள்ளியாக வந்தாலும் வரும். வெந்துபோன வெள்ளையை எந்த ஆப்பும் மீட்காது.

ஸ்டாண்டா? ஒரு கார்த்திகை அன்று, படி நிறைய அரிசி போட்டு அதில் போனைக் குத்தி நிறுத்தினேன். எல்லாவற்றையும் நாமே திருகிவைக்கும் ப்ரோ மோடில் ஐ.எஸ்.ஓ, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவு, 50; ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 10 நொடி. பட்டனைத் தொடும் விரலே ஆட்டிவிடும் என்பதால் 2 நொடி டைமர். அப்பத்தா அகலை ஏந்திக்கொண்டு பத்தி நெடுக நடந்தாள். படத்தில் அப்பத்தா இல்லை. தூணுக்குத் தூண் ஒரு மஞ்சள் கோடு மட்டும் ஓடியது. 1838இல் புகைப்பட முன்னோடி தாகேர் எடுத்த பாரிஸ் தெருப் படத்திலும் இதே கதைதான். பல நிமிடம் பதிந்ததால் வண்டியும் ஜனமும் காணாமல் போய், பாலிஷ் போடக் காலை நீட்டி நின்ற ஒருவர் தங்கிவிட்டார்.

அப்பத்தாவிடம் காட்டினேன்.

“நான் எங்கேடா?”

“நீங்க நடந்துக்கிட்டே இருந்தீங்க அப்பத்தா, அதான் விழலை.”

“விளக்கும்தானே கூட நடந்துச்சு?”

விளக்குக்குச் சொந்த வெளிச்சம் உண்டு, போகிற வழியெல்லாம் பதித்துக்கொண்டே போகும் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சரி, முதல்ல அரிசியில இருந்து அதை எடு. லெட்சுமி மேல எதைக் கொண்டு குத்துறே” என்றாள்.

பகலில் இதை முயல வேண்டாம். பெரும்பாலான போன்களில் லென்ஸின் திறப்பைச் சுருக்க வழியில்லை, பத்து நொடி திறந்து வைத்தால் வெள்ளைத் தாள்தான் கிடைக்கும். விளக்கு வைத்த பிறகு போங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள், பூட்டிக்கொண்டு போய்விடப் போகிறார்.